கமெராவை எறிஞ்சிட்டு ஓடடா

ஆடுவது படம்தான் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரைக்கும் நான் கொண்டுவந்த புரொஜெக்டர்தான் ஆடுகிறது என்று நினைத்து, நாலு ஆம்பிளைகள் மேசையின் நாலு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஒருவர் போய்க் கல் பொறுக்கிக்கொண்டு வந்து காலுக்குக் கீழே வைத்தார். இரண்டு பெடியன்கள் திரைச் சீலையின் கீழ் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மணலில் படுத்துவிட்டார்கள். அப்போதும் படம் ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் இறுக்கிப் பிடியுங்கோடா!" என்று முன்வரிசையில் இருந்து சத்தம் வந்தது.

"பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறம்! நிலம்தான் ஆடுதோ தெரியேல்ல!"

அண்ணன் செத்த பிறகு நான் தனியாகப் போட்ட முதல் படம் அது. அதுதான் கடைசிப் படம் என்றும் வீட்டில் முடிவாகியிருந்தது.

அண்ணன் எனக்கு ஒரேயொரு அண்ணன். பகலில் திருகோணமலை டவுனில் ஒரு வெல்டிங் கடையில் வேலை செய்தான். பின்னேரங்களில் படம் போடுவான். எங்கேயோ ஒரு கந்தோர் மூடும்போது கழித்துவிட்ட புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, கழற்றித் துடைத்துப் பூட்டி வைத்திருந்தான். இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். இரண்டு கட்டில் விரிப்பை ஒன்றாய்த் தைத்து அம்மா கொடுத்த வெள்ளைச் சீலைதான் திரை. கோயில் திருவிழா, பிறந்தநாள், கிரிக்கெட் இறுதிப் போட்டி என்று எங்கே கூப்பிட்டாலும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவான். பின்னால் நான் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன்.

ஆனால் அண்ணனை ஆட்கள் தேடி வந்தது வேறு ஒன்றுக்காக. அவன் இங்கிலிஷ் படத்தைத் தமிழில் கதைத்துப் போடுவான். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆம்பிளை, பொம்பிளை, குழந்தை, நாய் எல்லாருக்கும் அவனே குரல். இங்கிலிஷ் தெரியுமா என்று கேட்டால், வெல்டிங் மெஷினில் எழுதியிருக்கிற அளவுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் நின்று நிதானமாக ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லி முடிப்பான், அண்ணன் "சரி மச்சான்" என்று விட்டுவிடுவான். அதே வெள்ளைக்காரன் "நோ" என்று ஒரு சொல் சொன்னால், அவனுடைய மாமியார் காணியை எழுதித் தராத கதை முழுவதும் வந்துவிடும். ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாய் செத்துப்போகிற படம் ஒன்று வந்தது. சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்க, நாய் சாகவில்லை, மூதூரில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அறிவித்துவிட்டான்.

என் வேலை சத்தத் திருகாணி. ஆள் கதைக்கும்போது படத்தின் சத்தத்தைக் குறைக்கவேண்டும், கதைத்து முடிந்ததும் கூட்டவேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வராத எனக்கு, யாருடைய வாய் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க நல்லாய் வந்தது. அந்த ஒரு வேலையை மட்டும் யாரும் என்னிடம் பிழை என்று சொன்னதில்லை.

மாரி மழை நேரம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. என் தோளில் கை போட்டுக்கொண்டு, "இப்ப வந்திடுவன், மைக்கில புது பேட்டரி போட்டு வை" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினான். உயிரோடு திரும்பி வரவில்லை. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஏலாது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்தப் புரொஜெக்டரைக் கண்ணில் காட்ட முடியாமல் போய்விட்டது. அது முன்னறை அலுமாரிக்கு மேல் இருந்தது. அதன் கண்ணாடி தன்னையே பார்க்கிறது என்று சொல்லி முதலில் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு துவாய் போட்டு மூடினார். மூடியும் பற்றவில்லை. அந்த அறைக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். சாப்பிடுவதும் இருப்பதும் குசினியோடு என்று ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சீனன்குடாவில் காவல் வேலை, பொழுதுபட்டால் வீட்டில் இருக்கமாட்டார். நானும் அம்மாவும் குசினியில் ஆளுக்கொரு மூலையில் இருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் வேதக் கோயிலில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடக்கும்போதுதான் சம்மாட்டியார் அந்தக் கதையை எடுத்தார். சம்மாட்டியார் என்றால் சொந்தமாக வள்ளமும் வலையும் ஆட்களும் வைத்திருக்கிறவர். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அண்ணன் போட்ட எல்லாப் படத்துக்கும் முன்வரிசைக் கதிரையில் இருந்து திரையோடு சண்டை பிடித்தவர். சோற்றுக் கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, கேக்கிறனெண்டு குறை நினைக்காத. திருவிழாவுக்கு ஒரு பெரிய மிருகப் படம் போடுறனெண்டு கொண்ணன் எனக்கு வாக்குத் தந்தவன். கடலுக்குள்ள இருந்து வாற மிருகமாம். அது இருக்கோ?"

என் மாமி உடனே பாய்ந்தார். "உங்களுக்கு விசரே? செத்த வீட்டில நிண்டு படம் கேக்கிறியள்!"

படம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் அண்ணன் கடைசியாகப் பென் டிரைவில் ஏற்றி வைத்தது அதுதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பருப்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

"அவன் சொன்னதெண்டால் போடத்தான் வேணும். போடட்டும்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனால் அதோட சரி. படம் முடிஞ்சோண்ணப் பெட்டியை அப்பிடியே சுவாமியிட்டக் குடுத்திடு. கோயில் பெடியள் வச்சுக்கொள்ளட்டும். திருப்பி இஞ்ச கொண்டு வரக்கூடாது."

அண்ணனுடைய சேட்டுகளைக் கொடுத்தபோது நான் பேசாமல் இருந்தேன், சைக்கிளைக் கொடுத்தபோதும் பேசாமல் இருந்தேன். இந்தப் பெட்டி மட்டும் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அதைச் சொன்னால் அம்மா சாப்பாட்டையும் விட்டுவிடுவாரோ என்ற பயத்தில் "ஓம்" என்றேன். கோயில் பாதிரியாரான சுவாமி, படம் முடிந்ததும் பெட்டியைத் தூக்க இரண்டு பெடியன்களை விடுவதாகச் சொன்னார். எல்லாம் ஒழுங்காயிற்று.

எங்கள் கோயில் வளவு கடற்கரையை ஒட்டியது. அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். எங்களை மாதிரிக் கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர், முஸ்லிம் ஆட்கள் என்று பார்க்காமல் படம் என்றால் எல்லாரும் வருவார்கள். மான்களும் வரும். எங்கள் டவுனில் மான் மாடு மாதிரித்தான் திரியும், போஸ்டரைத் தின்னும், குப்பை வாளியைக் கவிழ்க்கும். அன்றைக்கும் மதில் ஓரத்தில் ஒரு கூட்டம் நின்றது. வாசலில் கிண்ணியாவில் இருந்து கச்சான் கடலை விற்க வருகிற கச்சான் நானா வண்டியை நிறுத்தியிருந்தார். எங்கே கூட்டம் என்றாலும் அவருக்கு எங்களுக்கு முந்தியே தெரிந்துவிடும்.

அம்மா வரவில்லை. வீட்டுக் குசினி ஜன்னலையும் சாத்திவிட்டார். அந்தப் படத்தை நான் முன்கூட்டியே பார்த்திருக்கவும் இல்லை. வீட்டில் பெட்டியைப் போட அம்மா விட்டிருக்கமாட்டார். இருட்டிக்கொண்டு வரும்போது திரையைக் கட்டி, வயர்களைக் குத்தி, மைக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

படம் ஒரு கலியாண வீட்டோடு தொடங்கியது. குளிர் நாடு, துறைமுகம் உள்ள ஊர், எல்லாரும் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு நடனம் ஆடுகிறார்கள். அந்தக் கலியாணத்தை ஒருவன் கையால் கமெராவைப் பிடித்து எடுக்கிறான். நாங்கள் பார்க்கிறது முழுக்க அவன் எடுக்கிறதைத்தான். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. திரையில் கூரை தெரிகிறது, பிறகு ஒருத்தியின் செருப்புத் தெரிகிறது, பிறகு கேக் தலைகீழாகத் தெரிகிறது. அப்போதுதான் அந்த நாலு பேர் ஓடி வந்து மேசையைப் பிடித்தார்கள்.

கண்டுபிடித்தவர் கச்சான் நானா. வண்டியை விட்டுவிட்டு வந்து, மேசையைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார், கையை இடுப்பில் வைத்தார்.

"மேசையும் ஆடல்ல, சீலையும் ஆடல்ல. அந்தக் கமெரா புடிக்கிறவன்தான் ஆடுறான். எங்கட மகள்ற கலியாணத்துக்கும் இப்பிடி ஒருத்தன்தான் வந்து எடுத்தவன். மாப்பிள்ளைட மூஞ்சி ஒரு இடத்திலயும் இல்ல."

நாலு பேரும் மெல்லக் கையை எடுத்தார்கள். படம் ஆடியபடியே ஓடியது. மணலில் படுத்திருந்த பெடியன்கள் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று எழும்பவில்லை.

"கதை சொல்லு பிள்ளை!" என்றார் சம்மாட்டியார். "ஊமைப் படமோ இது?"

மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். மைக்கில் அண்ணன் வெற்றிலை போட்ட வாசம் இன்னும் இருந்தது. நான் எப்போதும் வாயைப் பார்த்து வேலை செய்கிறவள். இந்தப் படத்தில் அதிகம் கதைக்கிறது அந்தக் கமெராக்காரன்தான், அவனுடைய வாயோ முகமோ ஒரு இடத்திலும் தெரியவில்லை. குரல் மட்டும் எங்களுக்குப் பக்கத்தில் நின்று கதைக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. எப்போது தொடங்குவான், எப்போது முடிப்பான் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஆரடி அந்தக் குரல்? பேயோ?" என்று பின்னால் ஒரு பொம்பிளை கேட்டார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சத்தத்தை இறுக்கிக் குறைத்துவிட்டு மைக்கில் சொன்னேன்.

"பேயில்ல அன்ரி, நான்தான் கமெராக்காரன். விடியத் துவங்கி எல்லாரையும் எடுக்கிறன். என்னை ஒருத்தரும் எடுக்கேல்ல. எல்லாருக்கும் தின்ன ரோல்ஸ் குடுத்தவையள், எனக்கு ஒரு ரோல்ஸ்கூடத் தரேல்ல. அந்தக் கோவத்திலதான் ஆட்டி ஆட்டி எடுக்கிறன்."

வளவு முழுக்கச் சிரித்தது. அந்தச் சத்தம் என் காலுக்குள்ளால் ஏறி வந்தது. பிறகு எனக்குப் பயம் இல்லை. மணமகளுக்குச் சீதன வீட்டில் ஓடு போடாத பிரச்சினை கொடுத்தேன். மாப்பிள்ளை சவூதியில் இருந்து நேற்றுத்தான் வந்தவன் என்றேன், அவ்வளவு பெரிய கோட்டுக்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கலியாண வீட்டில் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். துறைமுகத்துத் தண்ணீர் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பல்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கமெராக்காரனும் கூட்டாளிகளும் என்ன விசேஷம் என்று பார்க்கக் கடலைப் பார்த்து இறங்கினார்கள்.

எங்கள் வளவில் சிரிப்பு நின்றது. கச்சான் மெல்லுகிற சத்தமும் நின்றது. நான் சுனாமி வந்தபோது கைக்குழந்தை, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் அங்கே இருந்த பெரிய ஆட்கள் எல்லாரும் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள். ஒரு அக்கா பக்கத்தில் இருந்த, தன்னுடையது இல்லாத, ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

"போகாதீங்கோடா! பாக்கப் போகாதீங்கோ!"

"மேட்டுக்கு ஓடுங்கோ! மேட்டுக்கு!"

"உந்த நாட்டில படிச்சவை ஒருத்தருமில்லையோ?"

சம்மாட்டியார் கதிரையில் ஏறி நின்று வழி காட்டினார். "இடப் பக்கம்! இடப் பக்கம் ஒரு மலை தெரியுது, அங்க ஏறுங்கோடா மூதேவியளே!"

ஆனால் அவர்கள் போய்ப் பார்த்தார்கள். மிருகம் வந்தது. வந்தது என்றால் ஒரு கால் வந்தது. பிறகு ஒரு வால். கமெராக்காரன் திரும்பி ஓடத் தொடங்கினான், கமெராவை நிறுத்தாமலே ஓடினான். நிலம், வானம், நிலம், வானம், யாருடையவோ முதுகு, நிலம். அங்கேதான் எங்கள் கடற்தொழிலாளர்களுக்குப் பிரச்சினை தொடங்கியது.

முதலில் எழும்பினது சம்மாட்டியார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு மதில் பக்கம் போனார். சத்தி எடுக்கிற சத்தம் ஸ்பீக்கரையும் மீறிக் கேட்டது. அவருடைய மனுசி எழும்பி நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"வாடைக் கடல், சோளகக் கடல் ஒண்டும் உங்களை ஒண்டும் செய்யேல்ல. ஆரோ ஒருத்தன்ர கலியாண வீடியோ சாய்ச்சுப்போட்டுது!"

நான் சிரித்தேன். அண்ணன் செத்த பிறகு நான் சிரித்தது அப்போதுதான், சம்மாட்டியார் சத்தி எடுத்ததைப் பார்த்து. மைக் வாயில் இருந்தபடியால் அது எல்லாருக்கும் கேட்டது.

அவர் முடிய இன்னொருவர் போனார், பிறகு இன்னொருவர். எல்லாரும் வள்ளக்காரர்கள். கந்தோர் வேலை செய்கிறவர்களும் தையல்காரரும் சும்மா இருந்தார்கள். சத்திக்கு மோந்து பார்க்கத் தேசிக்காய் வெட்டிக் கைக்குக் கை போனது. அப்போது சம்மாட்டியாருடைய வள்ளத்தை ஓட்டுகிற மண்டாடி ஒருவர், கடலில் தலைசுற்றுகிற புது ஆட்களுக்குச் சொல்கிற வைத்தியத்தைச் சொன்னார்.

"ஆடுறதைப் பாக்காதீங்கோ. தூரத்தில ஆடாம நிக்கிற ஒண்டைப் பாருங்கோ."

முன்வரிசை முழுக்கக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுக வாயிலில் மினுங்குகிற சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, வள்ளக்காரர்கள் எல்லாரும் படம் பார்த்தார்கள். என் குரலைக் கேட்டு அங்கிருந்தே கேள்வியும் கேட்டார்கள்.

"இப்ப எங்க பிள்ளை நிக்கினம்?"

"ஒரு பாலத்துக்குக் கீழ அங்கிள்."

"மிருகம்?"

"பாலத்துக்கு மேல."

"காட்டுறானோ?"

"காட்டேல்ல. வால் மட்டும்தான்."

"எத்தினை தரம் வாலைக் காட்டுவான்? மிருகத்தைக் காட்டச் சொல்லு!"

மிருகத்தை நான் எங்கே போய்த் தேடுவது? அந்தக் கமெராக்காரனுக்கு அது கிட்ட வந்தால் கை நடுங்கும், தூரப் போனால் விறைப்பாகப் பிடிப்பான். "அங்கிள், அதுக்கு வெக்கம்" என்று சமாளித்தேன்.

கூட்டாளிகள் ஒரு பெரிய கட்டடத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். கரண்ட் இல்லை. கமெராவின் சின்ன வெளிச்சம் மட்டும். அப்போது திரை முழுக்கப் பெரிய கறுப்புத் தலை ஒன்று எழும்பியது. தலையில் மரம் மாதிரிக் கொம்பு, ஒவ்வொரு கிளையும் கோயில் கூரை உயரம். காது ஒன்று மெல்ல ஆடியது.

அப்படி ஒரு கத்தலை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. துறைமுக விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துக் கத்தினார்கள். கதிரைகள் விழுந்தன. மணலில் படுத்திருந்த இரண்டு பெடியன்களும் சீலையை விட்டுவிட்டு ஓடினார்கள்.

புரொஜெக்டருக்கு முன்னால் தலையை நிமிர்த்தி நின்று, விழுந்த கச்சானை மென்றுகொண்டிருந்தது ஒரு கொம்பன் மான்.

"சூ! சூ! என்ட கச்சான்!" என்று நானா தோளில் கிடந்த துவாயைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தார். மான் அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தலையும் திரையில் அவ்வளவு பெரிதாகத் திரும்பியது. நான் மைக்கில், "கேட்டியளே, இதுதான் மிருகம், நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றேன். கை தட்டினார்கள். படத்தில் வந்த எதற்கும் அப்படிக் கை தட்டவில்லை. மான் ஆற அமரத் தின்று முடித்துவிட்டுப் போனது.

அந்தக் கத்தலுக்குத்தான் அம்மா ஓடி வந்தார். எனக்கு என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். கையில் அகப்பை, அதில் சொதி ஒழுகிக்கொண்டிருந்தது. வாசலடியில் நின்று என்னைத் தேடினார். நான் மேசையடியில் முழுதாக இருக்கிறதைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். ஆனால் திரையில் அந்தக் கமெராக்காரப் பெடியன் மறுபடி ஓடிக்கொண்டிருந்தான். கூட்டாளிகள் எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள், அவன் மட்டும் படியில் ஏறி ஓடுகிறான், இளைக்கிறான், மிருகம் கீழே சுவரை இடிக்கிறது, அவன் நின்று அதைப் படம் எடுக்கிறான்.

வளவு முழுக்க ஒரே குரல். "கமெராவை எறிஞ்சிட்டு ஓடடா! எறிஞ்சிட்டு ஓடடா!"

அவனுக்காக நான் மைக்கில் பதில் சொன்னேன். "எறிஞ்சால் நீங்கள் எப்பிடிப் பாக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற இடத்தில் வாசலடியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. உரத்துச் சொல்லவில்லை.

"அவை பாக்காட்டிப் பரவாயில்ல. நீ ஓடு ராசா."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லாருக்கும் யார் என்று தெரிந்தது. சம்மாட்டியார் மட்டும் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓம் தம்பி, அக்கா சொல்லுறதைக் கேள்" என்றார். மைக் என் கையில் இருந்தது. அந்தப் பெடியன் ஏதோ சொன்னான், எனக்கு விளங்காத சொல்.

"இன்னும் கொஞ்சம்தான் அம்மா," என்றேன்.

அம்மா விழுந்து கிடந்த கதிரை ஒன்றை நிமிர்த்திப் போட்டு அதில் இருந்தார். அகப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஒரு சேட்டையும் விடவில்லை. விட வரவில்லை.

அவன் மேலே போய்க் கதவைத் திறந்தான். வெளியே பனி. பெரிய சத்தம் ஒன்று. கமெரா விழுந்தது. திரையில் நிலம் சரிந்து நின்றது, ஒரு பக்கத்தில் ஒரு சப்பாத்து, பனி விழுந்துகொண்டே இருந்தது. பிறகு கறுப்பு. இங்கிலிஷில் பெயர்கள் ஏறத் தொடங்கின.

"கரண்ட் போட்டுதோ?"

"இல்ல, முடிஞ்சுது போல."

"என்னெண்டு முடியும்? அவன் எங்க?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளக்காரர்களும் கதிரையைத் திருப்பினார்கள். அண்ணனாக இருந்தால் அந்தப் பெடியன் இப்போது பஸ் ஏறிச் சம்பூருக்குப் போய்ச் சேர்ந்து, புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். சொல்லி முடித்தால் எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், பெட்டியும் கோயிலுக்குப் போகும். நான் மைக்கைத் தூக்கினேன். அம்மா எழும்பி நின்றார்.

"அவனுக்கு என்ன நடந்தது?"

மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். "தெரியாதம்மா. நானும் இப்பத்தான் பாக்கிறன்."

பிறகு சண்டை தொடங்கியது. மிருகம் தின்றுவிட்டது என்றார் கச்சான் நானா. தின்றால் சப்பாத்து ஏன் மிச்சம் என்று கேட்டார் ஒரு அக்கா. சப்பாத்துத் தோல், அது செமிக்காது என்றார் மண்டாடி. பெடியன் உயிரோடுதான் இருக்கிறான், தான் கண்ணால் கண்டதாகச் சம்மாட்டியார் நெஞ்சில் அடித்துச் சொன்னார்.

"நீங்கள் எங்க கண்டனீங்கள்?" அம்மா அகப்பையை அவருக்கு நேரே நீட்டினார். "நான் வந்து பாக்கேக்க முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள். வாயை மூடுங்கோ!"

அம்மா ஒருவரை ஏசுகிற சத்தத்தை நான் கேட்டு எவ்வளவோ காலம். சம்மாட்டியாருக்கும் அது சந்தோசமாக இருந்திருக்கவேண்டும், இளித்துக்கொண்டு நின்றார்.

அம்மா மேசையடிக்கு வந்தார். புரொஜெக்டருக்குக் கிட்ட வந்தார். அதன் முகத்துக்கு நேரே நின்றார், வெளிச்சம் அவருடைய சேலை முழுக்க விழுந்தது.

"கடைசித் துண்டைத் திருப்பிப் போடு."

போட்டேன். அம்மா திரைக்குக் கிட்டப் போய் நின்றார். பின்னால் எல்லாரும் போனார்கள். கதவு, பனி, சத்தம், சப்பாத்து.

"அசையுது," என்றார் அம்மா. "சப்பாத்து அசையுது."

"அது பனி விழுற ஆட்டம் தங்கச்சி," என்றார் நானா.

"இல்ல, நுனி அசையுது. இன்னொருக்காப் போடு."

இன்னொருக்காப் போட்டேன். சப்பாத்துக் கட்சி, பனிக் கட்சி என்று வளவு இரண்டாகப் பிரிந்தது. சத்தம் கேட்டுச் சுவாமியும் இறங்கி வந்தார். கைகலப்பாகிவிட்டதோ என்று பயந்து வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் பார்த்தார். பார்த்துவிட்டு, தன்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். அதற்கும் இரண்டு பக்கத்தாரும் அவரை ஏசினார்கள்.

பெட்டியைத் தூக்கச் சொல்லியிருந்த கோயில் பெடியன்கள் இரண்டு பேரும் அப்போது வந்து மேசையடியில் நின்றார்கள். ஒருவன் வயரைக் கழற்றக் கை வைத்தான்.

"தம்பி, கையை எடு," என்றார் அம்மா.

"சுவாமிதான் கொண்டு வரச் சொன்னவர் அன்ரி. நீங்கள்தான் குடுக்கச் சொன்னதெண்டு..."

"நான் இன்னும் பாத்து முடியேல்ல."

பெடியன் சுவாமியைப் பார்த்தான். சுவாமி கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைக்கத் தொடங்கினார். அம்மா அகப்பையை என்னிடம் தந்துவிட்டு, புரொஜெக்டரை இரண்டு கையாலும் தூக்கினார். சூடு. சுடுகிறது என்று சொன்னேன், கேட்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மதிலைச் சுற்றி வீட்டை நோக்கி நடந்தார்.

"கேபிளைச் சுருட்டிக்கொண்டு வா," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்ததும் அம்மா முன்னறைக்குள் போனார். ஜன்னலைச் சாத்தினார். கதிரைகளை ஒதுக்கினார். சுவரில் தொங்கின காலண்டரைக் கழற்றி, ஆணியையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்.

"இஞ்ச போடு," என்றார். "துவக்கத்தில இருந்து போடு. கதைச்சுப் போடு."